7,20,720: ஓர் எண்ணின் ஜாதகம்

நம்மூர் வழக்கப்படி 7,20,720 என்று எழுதினால் இந்த எண்ணில் விசேஷமாக எதுவும் கண்ணில் படாது. யாரோ கட்ட வேண்டிய கடன் பாக்கி மாதிரி இருக்கும். காற்புள்ளியை மேல்நாட்டார் போடும் இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள்: 720,720. ஒரே எண் இரண்டு தடவை அடுத்தடுத்து நிற்பது உடனே தெரிந்துவிடும். லட்சக் கணக்கு நமக்கு எவ்வளவோ வசதிதான். ஆனால் இந்த ஒரு இடத்தில் அது ரகசியத்தை மறைத்துவிடுகிறது.

இப்படி இரட்டித்து எழுதிய எண்களை வைத்து ஒரு சின்ன வித்தை உண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, ஏதாவது மூன்று இலக்க எண்ணை நினைத்துக்கொண்டு அதை இரண்டு முறை சேர்த்துத் தட்டச் சொல்லுங்கள். அவர் 348348 என்று தட்டியதாக வைத்துக்கொள்வோம். 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள்: 49764. மிச்சம் இல்லை. 11ஆல் வகுத்தால் 4524. அதையும் 13ஆல் வகுத்தால் முதலில் நினைத்த 348 திரும்பி வந்து நிற்கும். எந்த எண்ணை நினைத்தாலும் இப்படித்தான் நடக்கும். 348348 என்பது 348 ஆயிரமும் இன்னொரு 348-உம் சேர்ந்தது, அதாவது 348 × 1001. அந்த 1001-ஐப் பிரித்தால் 7 × 11 × 13. வித்தை முழுவதும் இவ்வளவுதான்.

ஆக, நம் எண் 720 × 7 × 11 × 13. அந்த 720-ஐயும் உடைத்தால் 16 × 9 × 5 கிடைக்கும். எல்லாவற்றையும் பகா எண்களாக எழுதிவிட்டால்:

7,20,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

2, 3, 5, 7, 11, 13 ஆகியவை அதற்கு மேல் உடைக்க முடியாத பகா எண்கள். மேலே சிறிதாக நிற்கும் அடுக்கு, அந்தப் பகா எண் எத்தனை தடவை வருகிறது என்று சொல்கிறது. இந்த ஒற்றை வரிதான் எண்ணின் ஜாதகம். ஒவ்வொரு முழு எண்ணுக்கும் இப்படி ஒரு வரி உண்டு. ஓர் எண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான். இந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது என்று யார் கேட்டாலும், பெரும்பாலும் இந்த வரியைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.

முதலில் பங்கு போடுவதைப் பார்ப்போம். 7,20,720 ரூபாய் இருக்கிறது, பிரித்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். இரண்டு பேர் வந்தாலும் சரி, ஏழு பேர் வந்தாலும் சரி, பதினொரு பேர், பதின்மூன்று பேர், பதினாறு பேர் வந்தாலும் சரி, சில்லறை மிஞ்சாமல் சரிசமமாகப் பிரியும். 1 முதல் 16 வரை ஓர் எண்கூட விதிவிலக்கில்லை. பதினேழாவது ஆள் வந்து உட்கார்ந்தால்தான் தகராறு: ஆளுக்கு 42,395 போக 5 ரூபாய் மிஞ்சும். 18 பேர் ஆனால் மறுபடி சமாதானம், தலைக்கு 40,040. 1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான். பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்தோமே, அந்தப் பதினாறு எண்களின் மீ.சி.ம.தான் நம் 7,20,720.

ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களைக் காரணிகள் என்கிறோம். இதற்கு மொத்தம் எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும். ஜாதக வரியைப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

சின்னதாக 12-ஐ எடுத்துக்கொள்வோம். 12 = 2² × 3. இதன் காரணி ஒன்றை உருவாக்க வேண்டுமானால் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். 2-ஐ எத்தனை தடவை போடுவது? போடாமல் விடலாம், ஒரு தடவை போடலாம், இரண்டு தடவை போடலாம்: மூன்று வழி. 3-ஐப் போடலாமா, விடலாமா? இரண்டு வழி. 3 × 2 = 6. எண்ணிப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12. சரியாக ஆறு. மூன்று சட்டையும் இரண்டு பேண்ட்டும் வைத்திருப்பவர் ஆறு விதமாக உடுத்தலாம் என்பதும் இதே கணக்குதான்.

இப்போது நம் எண். 2-க்கு ஐந்து வழி (0 முதல் 4 வரை), 3-க்கு மூன்று வழி, மற்ற நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு வழி. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஆக, இருநூற்று நாற்பது காரணிகள்.

இது பெரிய எண்ணிக்கையா என்று தெரிய, நாம் மரியாதை கொடுக்கும் ஓர் எண்ணைப் பக்கத்தில் நிறுத்தலாம். 10 லட்சம், அதாவது 10,00,000 = 2⁶ × 5⁶. காரணிகள் 7 × 7 = 49. பார்வைக்கு எவ்வளவு முழுமையாக இருந்தாலும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாத எண் அது. பத்தின் அடுக்குகள் எல்லாமே இப்படித்தான். 2-உம் 5-உம் தவிர வேறு சரக்கு அவற்றில் கிடையாது. பழைய அணாக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 192-க்குக் காரணிகள் 14. 100-க்கு 9 மட்டுமே. 1957-ல் ரூபாய்க்கு நூறு பைசா என்று ஆனதும் கணக்கு எழுதுவது சுலபமானது, ஆனால் ஒரு ரூபாயை மூன்று பேர் பிரித்துக்கொள்ள முடியாமல் போயிற்று. கூட்டல் கழித்தலில் லாபம், பங்கு போடுவதில் நஷ்டம்.

நம் எண்ணின் அக்கம்பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்க்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. இடது பக்கம் 7,20,719. வலது பக்கம் 7,20,721. நடு வீட்டை 2 முதல் 16 வரை எல்லாமே வகுக்கும் என்பதால், பக்கத்து வீடுகள் இரண்டையும் அவற்றில் ஒன்றுகூட வகுக்க முடியாது. எதனால் வகுத்தாலும் ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். உடைத்துப் பார்த்தால்:

7,20,719 = 31 × 67 × 347
7,20,721 = 71 × 10,151

முதலாவதுக்கு 8 காரணிகள், இரண்டாவதுக்கு வெறும் 4. நடுவில் 240. ஓலைக் குடிசைகளுக்கு நடுவே ராஜகோபுரம் மாதிரி.

உண்மையில் விதிவிலக்கு இந்த ராஜகோபுரம்தான்; பக்கத்து வீடுகள் சராசரி வீடுகள். ஓர் எண்ணில் எத்தனை வெவ்வேறு பகா எண்கள் இருப்பது சாதாரணம் என்று ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியும் நம் ராமானுஜனும் 1917-ல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட விதியின்படி ஏழு லட்சத்தைச் சுற்றியுள்ள எண்களுக்கு அது சுமார் 2.6. மேலே உள்ளதைப் பாருங்கள்: ஒன்றில் மூன்று பகா எண்கள், இன்னொன்றில் இரண்டு. நம் எண்ணில் ஆறு.

அடுத்து ஒரு பழைய வகைப்பாடு. சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கக் கணிதர் நிக்கோமாக்கஸ் எண்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக வந்தால் அது நிறைவெண்: 6 = 1 + 2 + 3. குறைந்தால் குறைவெண்: 8-க்கு 1 + 2 + 4 = 7. மிஞ்சினால் மிகையெண்: 12-க்கு 1 + 2 + 3 + 4 + 6 = 16.

7,20,720 எந்தக் கூட்டம் என்பதைச் சொல்லவே வேண்டாம். எவ்வளவு மிகை என்பதுதான் கேள்வி. 240 காரணிகளையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை, ஜாதக வரியே போதும். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளைக் கூட்டிக்கொண்டு, பிறகு பெருக்க வேண்டும். 2-க்கு 1 + 2 + 4 + 8 + 16 = 31. 3-க்கு 1 + 3 + 9 = 13. மற்றவற்றுக்கு 6, 8, 12, 14. எல்லாவற்றையும் பெருக்கினால் 32,49,792. இதில் எண்ணையே கழித்துவிட்டால் 25,29,072. தன்னைப் போல மூன்றரை மடங்கு! சொத்து அதிகம்தான்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. காரணிகளின் மொத்தக் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்தால் நமக்கு 4.509 வருகிறது. எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் எவ்வளவு உயரம் போகலாம்? அதற்கு ஒரு கூரையைக் கணக்கிட முடியும். எண்ணோடு சேர்ந்து அதுவும் மெல்ல மெல்ல உயரும். 7,20,720-க்கு அந்தக் கூரை 4.634, நம் ஆள் தலை இடிக்காமல் தப்பித்துவிட்டார். 5040-க்கு மேல் எந்த எண்ணுமே கூரையை இடிக்காது என்று நிரூபித்தால், கணிதத்தின் மிகப் பிரபலமான தீராத புதிரான ரீமான் கருதுகோளையே நிரூபித்ததாகிவிடும். இரண்டும் ஒன்றுதான் என்று 1984-ல் காட்டியவர் பிரான்சின் கை ரோபன். காரணிகளைக் கூட்டுவது பள்ளிப் பிள்ளை வேலை, அது போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்.

வேறு சில வகைகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். இது வர்க்க எண்ணா? இல்லை. வர்க்கமாக இருக்க வேண்டுமானால் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இங்கே 5, 7, 11, 13 நான்கும் ஒற்றையாக நிற்கின்றன. அந்த நான்குக்கும் ஜோடி சேர்த்துவிட்டால், அதாவது 5005-ஆல் பெருக்கினால், 60,060-இன் வர்க்கம் கிடைத்துவிடும். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? முடியாது, 7-உம் 11-உம் ஒற்றை அடுக்கில் வருவது அதைத் தடுக்கிறது. வர்க்கங்களின் கழித்தலாக எழுதலாம்: 849-இன் வர்க்கத்திலிருந்து 9-இன் வர்க்கத்தைக் கழித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணின் உள்ளே இருப்பவை. எண் உடுத்தியிருக்கும் சட்டையைப் பார்த்தும் சிலர் வகை பிரிப்பார்கள். சட்டை என்றால் இலக்கங்கள். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் (1905–1986) இந்த மாதிரி விளையாட்டுகளில் மன்னன். இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்ணுக்கு அவர் ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தார். மகிழ்ச்சி தரும் எண் என்று பொருள். நம் எண்ணில் 7 + 2 + 0 + 7 + 2 + 0 = 18. 7,20,720 ÷ 18 = 40,040. ஆக, ஹர்ஷத்தேதான்.

ஆனால் நமக்குப் பத்து விரல் இருப்பதால்தான் இலக்கங்கள் இப்படி அமைந்தன. கம்ப்யூட்டரின் இரும முறையில் இதே எண் 10101111111101010000. இரட்டிப்பு அழகு போன இடம் தெரியவில்லை. ஹர்ஷத் குணம் மிஞ்சியிருக்கிறதா? 1-களை எண்ணினால் 12. பன்னிரண்டால் வகுபடுகிறது, 60,060. இருக்கிறது! கொஞ்சம் யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இருபது இலக்கம் உள்ள இரும எண்ணில் கூட்டுத்தொகை 20-ஐத் தாண்டாது. 1 முதல் 20 வரை நம் எண்ணை வகுக்காதவை 17-உம் 19-உம் மட்டுமே. அந்த இரண்டில் ஒன்றாக அமைந்திருந்தால்தான் தப்பியிருக்கும். சட்டையைப் பார்த்துச் சொன்ன வகைக்கும் காரணம் உள்ளே இருக்கும் காரணிக் குவியல்தான். கடைசியில் நான்கு பூஜ்யம் வருகிறதே, அதுவும் ஜாதகத்தில் உள்ள 2⁴-இன் நிழல்.

சரி, இந்த எண்ணுக்குச் சேர வேண்டிய முக்கியமான பட்டத்தை இன்னும் சொல்லவில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் தன் அளவுக்குக் காரணிகள் இல்லை என்றால், அந்த எண் உயர் பகு எண். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும் வரிசை இது. 240 காரணிகளோடு இதில் 38-ஆவது இடம் நம்முடையது. அதற்கு முன் சாதனையை வைத்திருந்தது 6,65,280; 224 காரணிகள். நம் சாதனையை முறியடிக்க 10,81,080 வரை போக வேண்டும், அதற்கு 256.

இந்தப் பெயரை வைத்து, இதை ஒரு தனி இயலாகவே வளர்த்தவர் ராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு 1914-ல் கேம்பிரிட்ஜ் போனவர், அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்குத்தான். கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி என்பதால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றுவிட்டது. அது அச்சில் வந்தது 1997-ல்.

அவர் சொன்ன விதிகளில் எளியதை நாமே சோதிக்கலாம். உயர் பகு எண்ணின் ஜாதகத்தில் பகா எண்கள் 2-இல் தொடங்கி இடையில் ஒன்றையும் விடாமல் வர வேண்டும், அடுக்குகள் போகப் போக ஏறக் கூடாது. நம் எண்ணில் அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1. ஏன் அப்படி? 13-ஐத் தூக்கிவிட்டு 17-ஐப் போட்டுப் பாருங்கள். 9,42,480 வரும். காரணிகள் அதே 240, எண்தான் வீணாகப் பருத்தது. 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் மாற்றிப் போட்டாலும் இதே கதை: 240 காரணிகளுக்கு 16,21,620 செலவாகிறது. சிக்கனமாக வாங்கத் தெரிய வேண்டும். விலை மலிவான 2-ஐ அதிகம், அடுத்து 3, விலை கூடிய 11, 13 எல்லாம் ஒவ்வொன்று.

ஒரே பக்கம் சாய்ந்தாலும் ஆகாது. 2-ஐ மட்டும் பத்தொன்பது தடவை பெருக்கினால் 5,24,288. காரணிகள் வெறும் 20. எதையும் இரண்டாம் தடவை வாங்காமல் 2, 3, 5, 7, 11, 13, 17 என்று ஏழையும் ஒரு முறை பெருக்கினால் 5,10,510, காரணிகள் 128. இரண்டுக்கும் நடுவில் பக்குவமாகக் கலந்தால்தான் 240 கிடைக்கிறது. சாம்பார்ப் பொடி மாதிரி, அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

உயர் பகு எண்களுக்குள்ளும் மேலான ஒரு கூட்டத்தை ராமானுஜன் தனியே எடுத்தார். அவற்றை ஏணிப்படியாகவே எழுதலாம்: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55,440, 7,20,720. ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியை ஏதாவது ஒரு பகா எண்ணால் பெருக்கினால் போதும். பத்தாவது படியில் நிற்கிறது நம் எண்; 55,440-ஐ 13-ஆல் பெருக்கி ஏறியது. படிகளில் பழகிய முகங்கள் நிறைய. பன்னிரண்டு என்றால் டஜன் கணக்கு, அறுபது என்றால் நிமிஷக் கணக்கு, 360 என்றால் வட்டத்தின் பாகை. 5040 பிளேட்டோவுக்குப் பிடித்த எண். லட்சிய நகரத்தில் இத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார், 1 முதல் 10 வரை எதனாலும் பிரிக்கலாம் என்பதற்காக. பிரித்துக் கொடுக்க நினைத்தவர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ இந்த ஏணியில்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

1915 கட்டுரையில் ராமானுஜன் உயர் பகு எண்களின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கால்குலேட்டர் இல்லாத காலம். பட்டியலின் கடைசி எண் 6746328388800, ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. அவ்வளவு தூரம் போனவர் நடுவில் ஒரே ஓர் எண்ணை விட்டுவிட்டார்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதன் ஜாதகம்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் இறங்குமுகமாகவே இருக்கின்றன, நம் 7,20,720-உம் இதற்குள் முழுசாக அடங்கியிருக்கிறது. காரணிகளை எண்ணிவிடுவோம்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. பெருக்கினால் 5040, பிளேட்டோவின் அதே எண்.